12 ஆண்டுகளில் முதுகு பிளந்த ஒரே புத்தகம்

மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட்டின் சுயசரிதை 'ஹிட்மேன்' என் அலமாரியில் இப்போது இரண்டு துண்டாக இருக்கிறது. 500 பக்கங்களைத் தாண்டும் தடித்த புத்தகம். மூன்றாம் முறை படிக்கும்போது முதுகு பிளந்துவிட்டது. இந்த 12 ஆண்டுகளில் நான் வாங்கிய மல்யுத்தப் புத்தகங்களில் இவ்வளவு அடிபட்டது இது ஒன்றுதான். மற்றவற்றில் பாதி முதல் வாசிப்போடு சரி.

நான் தொடங்கியது இன்னொரு வீரர் மிக் ஃபோலியின் 'ஹாவ் எ நைஸ் டே'யில். 1999இல் வந்தது. பிரபலங்களின் சுயசரிதை என்றால் வேறொருவர் எழுதிக் கொடுப்பார், இவர்கள் அட்டையில் சிரிப்பார்கள். ஃபோலி நோட்டில் தன் கையாலேயே எழுதினார். அவருடைய ஆங்கிலமும் எளிது. அகராதியைத் தேடி எழ வேண்டியதில்லை. 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆட்டத்தில் எதிராளி அண்டர்டேக்கர் அவரைக் கூண்டின் உச்சியிலிருந்து தள்ளியதைப் பார்க்காத ரசிகர் இருக்க மாட்டார். என்னை அசைத்தது அதுவல்ல, 1994இல் மியூனிக்கில் நடந்தது. வேடர் என்ற வீரருடன் மோதும்போது மேடையைச் சுற்றிய இரண்டு கயிறுகளுக்கிடையே தலை சிக்கிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு வெளியே வந்தார்; வலது காதின் பெரும்பகுதி வரவில்லை. அதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார், பாவி. "எல்லாம் நாடகம்தானே?" என்று ஓயாமல் கேட்கும் மைத்துனரிடம் அந்தப் பகுதியைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவர் கேள்வி நின்றது. புத்தகம் திரும்பி வரத்தான் எட்டு மாதம் ஆயிற்று.

ஹார்ட் வேறு ரகம். ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் அன்றாடம் நடந்ததை ஒலிநாடாவில் பேசிப் பதிந்து வைத்தவர். 2007இல் வந்த புத்தகம் அதிலிருந்து பிறந்தது. அதனால் எந்த ஊர், எந்த விடுதி, யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் துல்லியமாக வருகிறது. 1992இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் தன் மைத்துனர் டேவி பாய் ஸ்மித்துடன் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். களமிறங்கிய சிறிது நேரத்திலேயே டேவி திட்டமிட்டதை எல்லாம் மறந்துவிட்டார், அடுத்தடுத்த அடியைத் தானே காதில் சொல்லி நடத்திச் சென்றதாக ஹார்ட் எழுதுகிறார். படித்த இரவே அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தேன். கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கும் நேரங்களை முன்பெல்லாம் ஓட்டிவிடுவேன். இப்போது அங்கேதான் கண் நிற்கிறது. அவை பிடிகள் மட்டுமல்ல, பேச்சுவார்த்தை. அன்றிலிருந்து ஓர் அத்தியாயம், பிறகு அதற்குரிய ஆட்டம் என்றே படிக்கிறேன். இரண்டு மாதம் இழுக்கும், பரவாயில்லை.

குறையும் உண்டு. தன் ஆட்டத்தைத் தானே மெச்சிக்கொள்ளாத பக்கம் அரிது. 1997 நவம்பரில் மாண்ட்ரியாலில் ஷான் மைக்கேல்ஸுடன் ஆடியபோது, ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலேயே நிறுவன முதலாளி வின்ஸ் மக்மான் மணியடிக்கச் சொல்லிப் பட்டத்தைப் பறித்தாரே, அந்தக் கோபம் அதற்கு முந்தைய ஆண்டுகளின் மீதும் கசிந்திருக்கிறது. முதல் வாசிப்பில் முழுதாக அவர் பக்கம் நின்றேன். மூன்றாவதில் அவ்வளவு உறுதியாக நிற்க முடியவில்லை.

மற்றொரு வீரர் கிறிஸ் ஜெரிக்கோவின் 'எ லயன்ஸ் டேல்' பயணத்துக்கு நல்ல துணை. மெக்சிகோ, ஜெர்மனி, ஜப்பான் என்று அலைந்த கதை. இரண்டாம் முறை எடுத்தபோது நகைச்சுவை ஆறிப்போன காப்பி. 2004இல் வந்த 'தி டெத் ஆஃப் டபிள்யூ.சி.டபிள்யூ.' அந்தப் பெயர் கொண்ட மல்யுத்த நிறுவனம் தன்னைத்தானே கொன்றுகொண்ட கணக்கு; மேலாளர்களுக்கு அடியில் வேலை பார்ப்பவர்கள் ரசித்துப் படிப்பார்கள். மல்யுத்த வீராங்கனை ஏ.ஜே. லீயின் நூலை மல்யுத்தமே பிடிக்காத என் தங்கைக்குக் கொடுத்தேன். வறுமையும் இருமுனை மனநோயும் பற்றி அவர் எழுதியதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, இன்னும் திருப்பித் தரவில்லை.

வாங்குவதானால் ஃபோலியை முதலில் வாங்குங்கள். ஹார்ட்டைக் கெட்டி அட்டையில் தேடுங்கள். அதில் 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டியில் அவருடைய தம்பி ஓவன் விழுந்து இறந்ததைச் சொல்லும் பக்கங்கள் வரும். அவற்றை ஒருமுறைதான் படித்திருக்கிறேன். என் பிரதி பிளந்திருப்பதும் அந்த இடத்தை ஒட்டித்தான்.