வேலையை விடப்போகிறவர்கள் மீதி லீவைப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு 34,200 ரூபாய் போச்சு

நேற்று (2024 செப்டம்பர் 17) சாயங்காலம் செட்டில்மென்ட் தாள் (வேலையை விட்டதற்கான கடைசிக் கணக்கு) மெயிலில் வந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். புகார் கொடுக்கப்போவதால் கம்பெனி பெயரை எழுதவில்லை. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனி, அங்கே ஆறு வருடம் மோல்டிங் மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். லீவுக் கணக்கை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பம். ஆறு மணி ஷிஃப்டுக்கு நாலு மணிக்கே கிளம்பினால்தான் சரியாக இருக்கும், தென்பெண்ணைப் பாலம் தாண்டும்போது விடிந்திருக்காது. அம்மாவுக்கும் வயதாகிவிட்டது, வீட்டில் தனியாக இருக்கிறார். இந்தப் பக்கம் சிப்காட்டிலேயே வேலை கிடைத்ததும் 2024 ஜூலை 1 அன்று ரெசிக்னேஷன் கொடுத்தேன். 31 கடைசி நாள். இதில் எந்தச் சண்டையும் இல்லை, நல்லபடியாகத்தான் வெளியே வந்தேன்.

இப்போது அந்த லீவு விஷயம். போன வருடம் நவம்பரில் தங்கச்சிக்கு வளைகாப்பு. மூன்று நாள் ஈ.எல். (சம்பளத்தோடு கூடிய லீவு) கேட்டு எச்.ஆர். மேனேஜரிடம் போனேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார், தோளில் கை வைத்தார். "தம்பி, ஆர்டர் நெருக்குது, மோல்டு மாத்தத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான். உன் லீவு எங்க போயிடப்போவுது? பேங்க்ல கிடக்கிற மாதிரி நினைச்சுக்கோ. வேலையை விட்டுப் போற அன்னிக்கு மொத்தமா காசா வாங்கிக்கோ" என்றார். அதை அப்படியே நம்பினேன். அரை நாள் மட்டும் பர்மிஷன் வாங்கிக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வளையல் போட்டு முடிந்து, புளிசாதம் கிளறிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இப்படித்தான் ஒவ்வொரு முறையும் லீவு கேட்கப் போய்க் கேட்காமலே திரும்பி வந்து, டிசம்பர் பே ஸ்லிப்பில் ஈ.எல். மீதம் 30 என்று வந்து நின்றது.

ஜூலை 31, ஷிஃப்ட் முடிந்து கை கழுவிவிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போனேன். நாலு தாள் வைத்திருந்தார்கள். மூன்று படித்துப் பார்த்தேன். நாலாவதில் "எனக்குச் சேரவேண்டிய முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தது, தொகை எழுதும் இடம் காலி. "சார், தொகை போடலையே?" என்று எச்.ஆர். மேனேஜரிடம் கேட்டேன், கேட்காமல் இல்லை. "அதை அக்கவுண்ட்ஸ்ல போட்டுப்பாங்க தம்பி, உன் லீவுப் பணமெல்லாம் சேர்ந்துதான் வரும், இதுல கையெழுத்து போட்டாதான் ரிலீவிங் லெட்டர் டைப் பண்ண முடியும்" என்றார். புதுக் கம்பெனியில் மறுநாளே அந்த லெட்டரைக் கேட்டிருந்தார்கள். போட்டுவிட்டேன். பேனாவைக்கூட அவரே மூடி கழற்றிக் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த மனிதரின் குரலையே கேட்க முடியவில்லை. செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும் என்று முதலில் ஆபீஸ் பெண் சொன்னது. ஜூலை சம்பளத்தையும் சேர்த்தே பிடித்து வைத்தார்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் நீல டிக் வரும், பதில் வராது. போன் செய்தால் சார் மீட்டிங்கில் இருக்கிறார், சார் ஆடிட்டில் இருக்கிறார், விநாயகர் சதுர்த்தி முடியட்டும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். ஆறு வருடம் தினம் வணக்கம் சொன்ன செக்யூரிட்டி அண்ணன், "உள்ளே விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தம்பி, விட்டா என் வேலை போயிடும்" என்று தலையைக் குனிந்துகொண்டார். முக்கால் மணி நேரம் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றேன். அவர்தான் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நேற்று வந்த தாளில் ஜூலை சம்பளம் 23,400, யூனிஃபார்முக்கும் ஷூவுக்கும் பிடித்தம் 1,850, லீவுப் பணம் 0. சைபர்! உடனே புது நம்பரிலிருந்து மேனேஜரைக் கூப்பிட்டேன், எடுத்தார். டிசம்பரோடு லீவு லேப்ஸ் ஆகிவிடும் என்றார். பே ஸ்லிப்பில் 30 என்று இருக்கிறதே என்றேன். ஆன்லைனில் அப்ளை செய்து ரிஜெக்ட் ஆகியிருந்தால்தான் கணக்கு என்றார். நீங்கள்தானே கேட்க வேண்டாம் என்றீர்கள் என்றதும், "முழுசும் வாங்கிட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கியே தம்பி" என்று வைத்துவிட்டார். அப்போதும் தம்பி!

தொழிற்சங்கத்தில் இருக்கும் ஒரு அண்ணனிடம் எல்லாவற்றையும் காட்டினேன். 2024இல் அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 79ஆம் பிரிவைப் படித்துச் சொன்னார். வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. எடுக்காததில் 30 நாள் வரை அடுத்த வருடத்துக்கு வரும், டிசம்பரோடு அழியாது. எழுதிக் கேட்டுக் கம்பெனி மறுத்த லீவுக்கு அந்த 30 நாள் வரம்புகூடக் கிடையாது. நடு வருடத்தில் நாமாக விலகினாலும் அந்த வருடம் செய்த வேலைக்கும் அதே கணக்குத்தான், 240 நாள் முடிந்திருக்க வேண்டியதில்லை. பணத்தை விலகியதிலிருந்து இரண்டாவது வேலை நாளுக்குள் தர வேண்டும். அவர்கள் சொன்ன 45 நாள் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

என் கணக்கு இது. பழைய மீதி 30. இந்த வருடம் ஜூலை வரை 168 நாள் வேலை செய்தேன், அதை 20ஆல் வகுத்தால் 8 நாள், மிச்சம் அரை நாளுக்குக் குறைவு என்பதால் சேராது. மொத்தம் 38. ஒரு நாள் சம்பளம் 900. ஆக 34,200 ரூபாய். அம்மாவின் இரண்டு வளையல் திருப்பாதிரிப்புலியூர் அடகுக் கடையில் இருக்கிறது, இந்தப் பணம் வந்ததும் மீட்டுத் தருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். 34,200 ரூபாய் அவர்களுக்கு ஒரு ஷிஃப்டின் மூடிகூட இல்லை, எங்கள் வீட்டில் அது அம்மாவின் வெறும் கை.

கையெழுத்து போட்டதால் எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். 2024இல் அமலில் இருந்த 1936 சம்பளப் பட்டுவாடா சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் அது செல்லாது, 12 மாதத்துக்குள் மனு போடலாம் என்று அண்ணன் சொன்னார். அதனால்தான் உட்கார்ந்து அழாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு வார லீவு, அன்றைக்குப் புதுச்சேரி தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், காலை ஷிஃப்ட் இருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். லீவை வாயால் கேட்காதீர்கள், 15 நாள் முன்னால் எழுதிக் கேளுங்கள், மறுத்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். தொகை காலியாக இருக்கும் தாளில் கையெழுத்து போடாதீர்கள். லீவுப் பணத்தை பேசிக்கை மட்டும் வைத்துப் போட்டுத் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், டி.ஏ.யும் (அகவிலைப்படி) சேர்த்துத்தான் போட வேண்டும், ஓ.டி.யும் போனஸும் சேராது. கடை, ஆபீஸ் வேலை என்றால் சட்டம் வேறு, அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கடைசி நாள் ராத்திரியே கம்பெனி ஆப்பில் என் லாகினை எடுத்துவிட்டார்கள், ஆறு வருடப் பே ஸ்லிப்பும் அதோடு போச்சு. பைக் லோனுக்காக எடுத்த டிசம்பர் பே ஸ்லிப் பிரிண்ட் ஒன்று மட்டும் ஆர்.சி. கவரில் நாலாக மடித்துக் கிடந்தது, அந்த 30 என்ற எண் தெரிவது அதில் மட்டும்தான். அங்கே இன்னும் வேலையில் இருப்பவர்கள், யாராக இருந்தாலும், உங்கள் பே ஸ்லிப் எல்லாவற்றையும் இன்றைக்கு ராத்திரியே டவுன்லோடு செய்து வீட்டில் யாருக்காவது அனுப்பி வையுங்கள்.