விமானப் பள்ளியின் 6, 7, 8-ஆம் வகுப்புப் பாடங்கள்: முழுச் சுற்று நடத்திப் பார்த்த பிறகு

விமானத்துறையை மையமாக வைத்த பள்ளி என்றதும் பார்க்க வருகிறவர்கள் கண் நேராக சிமுலேட்டர் அறைக்குத்தான் போகிறது. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை உள்ள பாடங்களை அடுத்தடுத்த தொகுதி மாணவர்களோடு முழுச் சுற்றாக நடத்திப் பார்த்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: இந்த வயதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பாடங்களின் வரிசை. எந்த விமானப் பாடம் எந்தக் கணக்கின் மேல் நிற்கிறது என்று பார்த்து அடுக்கிய ஆண்டில் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். அடுக்கத் தவறிய ஆண்டில் கலைச்சொற்கள் மனப்பாடமாக இருக்கும், ஒரு காற்றுத் திருத்தக் கோணம்கூட (பக்கக் காற்றை ஈடுகட்ட விமானம் திரும்ப வேண்டிய கோணம்) போட வராது.

சேர்க்கைக்கு முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ தனியார் விமானி உரிமத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 17. பதினொரு வயதில் தொடங்கும் சிமுலேட்டர் மணிகள் அந்த உரிமத்துக்கான பறப்பு நேரமாகச் சேராது. இந்த மூன்று ஆண்டுகளில் கிடைப்பது அளக்கும் பழக்கம், அலகுகளைக் கலக்காத கணக்கு, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ஒழுங்கு ஆகியவைதான். இவை கிடைத்தால் பிறகு வருவதெல்லாம் எளிது.

ஆறாம் வகுப்பு: கிளைடரிலிருந்து தொடங்குவது

முதல் பருவம் முழுவதும் கையால் எறியும் கிளைடருக்கே கொடுக்கலாம். 9 அங்குல நுரைத் தட்டு ஒன்றிலிருந்து இறக்கையும் வாலும் வெட்டி, மூக்கில் ஒரு நாணயத்தை ஒட்டினால் ஒரே வகுப்பு நேரத்தில் பறக்கும் கிளைடர் தயார். இதில் பழகிய பிறகு பால்சா மரம்: இறக்கைக்கு 1.5 மி.மீ. தகடு, உடலுக்கு 3 மி.மீ. மர இழை இறக்கையின் நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே வெட்டிய இறக்கை முதல் மோதலிலேயே முறிந்துவிடும்.

எடை மையம் இறக்கை அகலத்தின் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்நுனி வைத்துத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். கிளைடர் மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்து, மறுபடி தூக்கி அலை அலையாகப் போனால் எடை மையம் பின்னால் இருக்கிறது அல்லது எலிவேட்டர், அதாவது வால் இறக்கையின் பின்விளிம்பு, அதிகமாக மேலே வளைந்திருக்கிறது. மூக்கில் அரை கிராம் அளவில் களிமண் சேர்த்துச் சேர்த்துப் பாருங்கள். நேராகத் தரையில் குத்தினால் களிமண்ணைக் குறைக்க வேண்டும், அல்லது எலிவேட்டரைக் கொஞ்சம் மேலே வளைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதற்கு மூன்று எறிதல், மூன்றின் தூரமும் நோட்டில். இந்த விதியைக் கண்டிப்பாக வைக்காவிட்டால் மாணவர்கள் ஒரே சமயத்தில் மூன்றை மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் நிற்பார்கள்.

பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு வானத்தைப் பார்த்து எறிவது. மேல்நோக்கி எறிந்த கிளைடர் உடனே வேகம் இழந்து ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசை போய் விழும். தோள் உயரத்திலிருந்து கிடைமட்டமாக, மூக்கு மிகச் சற்றே தாழ்ந்திருக்க, மென்மையாகத் தள்ளிவிட வேண்டும். காற்றோட்டம் இல்லாத கூடத்தில், மின்விசிறிகளை நிறுத்திவிட்டு.

பசை பற்றியும் சொல்ல வேண்டும். வாலில் சொட்டிய ஒரு கிராம் பசையைச் சமன் செய்ய, வாலின் தூரம் மூக்கின் தூரத்தைப்போல மூன்று மடங்கு என்றால், மூக்கில் 3 கிராம் தேவை. நெம்புகோலும் விகிதமும் கணக்கு வகுப்பில் நடக்கும் அதே வாரத்தில் இதைச் செய்தால் இரண்டு பாடமும் ஒன்றையொன்று தாங்கும். வெள்ளை மரப்பசையே போதும். உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையை இந்த வகுப்பில் அனுமதிக்க வேண்டாம். பருத்தித் துணியில் பட்டால் சூடேறித் தோலைச் சுடும்.

இரண்டாம் பருவத்தில் காற்றுச் சுரங்கம். அட்டைப்பெட்டி, உறிஞ்சுகுழல் கட்டு, மேசை மின்விசிறி, 0.1 கிராம் வரை காட்டும் எடைக்கருவி போதும். விசிறி காற்றை உள்ளே ஊதக்கூடாது, பின்பக்கம் இருந்து இழுக்க வேண்டும். ஊதும் காற்று சுழன்று வரும், எண்கள் நிலையாக நிற்காது. உறிஞ்சுகுழல் கட்டு நுழைவாயிலில் நிற்கட்டும். இறக்கையைத் தாங்கும் கம்பியின் மீதும் காற்று அடிப்பதால், முதலில் வெறும் கம்பியோடு விசிறியை ஓட்டி அந்த அளவைக் குறித்து, பிறகு கழிக்க வேண்டும். இந்தக் கழித்தலை விட்டுவிடும் குழுக்களின் வரைபடம் எப்போதும் கோணலாகத்தான் வரும். தாக்குகோணத்தை (இறக்கை எதிர்காற்றோடு சாயும் கோணம்) 0 டிகிரியிலிருந்து இரண்டிரண்டாக ஏற்றினால் தூக்குவிசை சீராகக் கூடிக்கொண்டே போய் ஒரு கோணத்துக்குப் பின் சரிவதைத் தங்கள் கையாலேயே வரைவார்கள். வழக்கமான விமான இறக்கைகளில் அது 15 டிகிரியை ஒட்டி நிகழும். சிறிய அட்டை இறக்கையில் முன்னதாகவே வந்துவிடலாம்.

ரைட் சகோதரர்கள் 1901-இல் கட்டிய காற்றுச் சுரங்கத்தை வரலாற்றுப் பாடமாக இந்த இடத்தில் வைப்பது சாலப் பொருந்தும். தூக்குவிசையைக் கணக்கிட அதற்கு முன் பலர் நம்பிய ஸ்மீட்டன் மாறிலி என்ற எண் 0.005. அவர்கள் அளந்து கண்டது ஏறத்தாழ 0.0033. அச்சில் இருந்த எண்ணை நம்பாமல் அளந்தவர்கள்தான் 1903 டிசம்பர் 17-இல் 12 வினாடி, 120 அடி பறந்தார்கள். சொந்தமாக ஒரு வரைபடம் போட்ட பிள்ளைக்கு இந்தக் கதையின் கனம் புரிகிறது.

பயிற்சித்தாள்களில் இன்னும் உலவும் ஒரு பிழையைத் தேடி நீக்குங்கள்: இறக்கையின் மேலும் கீழும் பிரியும் காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்திக்கிறது, அதனால் மேல்காற்று வேகமாக ஓட வேண்டியிருக்கிறது என்பது. மேல்காற்று உண்மையில் முன்னதாகவே வந்துசேர்கிறது, சந்திப்பு எதுவும் இல்லை. மேலே அழுத்தம் குறைவதும் இறக்கை காற்றைக் கீழே திருப்புவதும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள் என்று சொல்லிக் கொடுத்தால் தலைகீழாகப் பறக்கும் விமானம் பற்றிய கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

ஏழாம் வகுப்பு: கணக்கின் ஆண்டு

மூன்று ஆண்டுகளில் மதிப்பு மிக்கது இதுதான், விளம்பரத் தாளில் குறைவாக இடம் பெறுவதும் இதுதான். தொடக்கம் அலகுகள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், அட்சரேகையின் ஒரு நிமிடம். 1.25 மணி நேரம் என்பது 1 மணி 15 நிமிடம். பாதி வகுப்பு 1 மணி 25 என்றே எழுதும். இதைச் சரிசெய்ய ஒரு வாரம் செலவழித்தாலும் தகும்.

அலகுக் குழப்பம் என்ன செய்யும் என்பதற்கு 1983 ஜூலை 23-இல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து கனடாவின் கிம்லி என்ற ஊரில் இறங்கியதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடையாது. தேவை 22,300 கிலோ. தொட்டிகளில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டருக்கு 1.77 என்று பெருக்கி 13,597 கிலோ இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள், 1.77 என்பது ஒரு லிட்டரின் எடை பவுண்டில். கிலோ கணக்கில் லிட்டருக்கு 0.803 என்று பெருக்கினால் 6,169 கிலோதான். அன்று நிரப்பியிருக்க வேண்டியது ஏறத்தாழ 20,088 லிட்டர், தவறான கணக்கில் வந்தது 4,917. நான்கு வரிக் கணக்கு. உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்த நிகழ்வு என்பதால் இந்த வயதுக்கு ஏற்றது. இதைப் போட்டு முடித்த பிறகு விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதச் சொல்லி யாரையும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.

வழிகாண் பாடத்தில் பள்ளிகள் இடறும் இடம் காற்று முக்கோணம்: விமானத்தின் வேகம், காற்று, தரைமேல் செல்லும் பாதை மூன்றையும் பக்கங்களாக வைத்து வரைவது. அதற்கு முக்கோணவியல் வேண்டும், ஏழாம் வகுப்பில் அது இல்லை. சூத்திரத்தைக் கொடுத்துக் கால்குலேட்டரில் தட்டச் சொன்னால் எதுவும் பதியாது. வரைபடத்தாளில் 1 செ.மீ. = 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) என்ற அளவில் வரையச் சொல்லுங்கள். வடக்கு நோக்கிய பாதை, விமான வேகம் 90 நாட், மேற்கிலிருந்து 15 நாட் காற்று. பாதைக் கோட்டின் தொடக்கத்திலிருந்து கிழக்கே 1.5 செ.மீ. காற்றுக் கோடு, அதன் இறுதி முனையிலிருந்து 9 செ.மீ. ஆரத்தில் பாதைக் கோட்டை வெட்டும் காம்பஸ் வில், பாகைமானியால் கோணம். ஏறத்தாழ 10 டிகிரி இடப்பக்கம் திரும்ப வேண்டும், அதாவது 350. தரைவேகம் 89 நாட். பிறகு அறுபதுக்கு ஒன்று விதியில் சரிபார்க்கலாம்: 15-ஐ 90-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 10. இரண்டு வழியும் ஒத்துப்போகும்போது முகம் மலர்வதைப் பார்க்கலாம். பென்சில் முனை மழுங்கியிருந்தாலே 2 டிகிரி பிழை வரும், கூர்மையாக்கி வைத்திருங்கள்.

வானிலையில் அடிக்கடி நேரும் தவறு காற்றின் திசை. மேட்டார் எனப்படும் விமான நிலைய வானிலை அறிக்கையில் 27015 என்றால் காற்று 270 டிகிரியிலிருந்து (மேற்கு) வருகிறது, 15 நாட். பிள்ளைகள் அம்பை 270 நோக்கி வரைந்துவிடுவார்கள். எழுத்தில் வரும் அறிக்கையின் திசை உண்மை வடக்கிலிருந்து, ஓடுபாதை எண் காந்த வடக்கிலிருந்து. இந்த வேறுபாட்டை ஓடுபாதை 27-இன் மறுமுனை ஏன் 09 என்ற பாடத்தோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள செல்சியஸ் வித்தியாசத்தை 400-ஆல் பெருக்கினால் திரள்மேகத்தின் கீழ்மட்ட உயரம் அடிக்கணக்கில் கிடைக்கும் என்ற தோராயம் தினசரிப் பயிற்சிக்கு ஏற்றது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் பற்றிய பாடத்துக்கு ஓர் எண் போதும்: தரைமட்டத்தை ஒட்டி 1 ஹெக்டோபாஸ்கல் மாற்றம் ஏறத்தாழ 27 முதல் 30 அடி. 1003 அழுத்தமுள்ள இடத்தில் கருவியை 1013-இலேயே விட்டால், அது உண்மையான உயரத்தைவிட 300 அடியை ஒட்டிக் கூட்டிக் காட்டும். விமானம் தாழ்ந்திருக்கும், கருவி உயரம் என்று சொல்லும்.

எட்டாம் வகுப்பு: ரேடியோ, சிமுலேட்டர், பட்டறை

ரேடியோ பாடத்துக்குச் செலவே இல்லை. தரையில் ஒட்டுநாடாவால் ஓடுபாதையும் டாக்ஸி பாதைகளும் போட்டு, ஒருவர் நடக்க, முதுகைக் காட்டி நிற்கும் இன்னொருவர் வரைபடத்தை வைத்து வாக்கி-டாக்கியில் வழி சொல்ல வேண்டும். A-க்கு ஆல்ஃபா, B-க்கு பிராவோ என்று எழுத்துகள். எண்களில் 3 ட்ரீ, 5 ஃபைஃப், 9 நைனர். ஓடுபாதை எண், ஓடுபாதைக்கு வெளியே நிற்கச் சொல்லும் ஆணை, அழுத்த எண் மூன்றையும் திருப்பிச் சொல்லாவிட்டால் அடுத்த அடி எடுக்கக்கூடாது. திருப்பிச் சொன்னது தவறாக இருந்தும் கவனிக்காமல் விடும் கட்டுப்பாட்டாளரும் அதே அளவு மதிப்பெண் இழக்க வேண்டும். 1977 மார்ச் 27-இல் ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்ததும், அதன்பின் 'டேக்-ஆஃப்' என்ற சொல் புறப்பாட்டு அனுமதிக்கும் அதை ரத்து செய்வதற்கும் மட்டும் என்று சுருக்கப்பட்டதும் இங்கேதான் வர வேண்டும். தரையில் நடந்து குழம்பிய பிள்ளைகளுக்கு அதன் காரணம் விளக்காமலே புரியும்.

சிமுலேட்டருக்கு இதற்குப் பிறகே வரலாம். ஓர் இயந்திரத்துக்கு மூன்று பேர்: ஒருவர் ஓட்ட, ஒருவர் சரிபார்ப்புப் பட்டியல் வாசிக்க, ஒருவர் உயரமும் வேகமும் பதிய. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். முதல் எட்டு வகுப்புகளில் தரையிறக்கமே வேண்டாம். நேர்மட்டப் பறப்பு, ஏறுதல், திரும்புதல், இறங்குதல் போதும். செங்குத்து வேகமானி சில வினாடி தாமதமாகக் காட்டும். மாணவர்கள் அந்த முள்ளைத் துரத்தி விமானத்தை மேலும் கீழும் ஆட்டுவார்கள். திரையில் அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்து, மூக்கின் நிலையையும் அதை நிலையாகப் பிடித்துவைக்கும் ட்ரிம்மையும் பார்க்க வைத்தால் இரண்டே வகுப்பில் ஆட்டம் அடங்கும். தரையிறங்கும்போது 3 டிகிரி சரிவுக்குத் தரைவேகத்தை 5-ஆல் பெருக்குங்கள்: 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி.

சிமுலேட்டர் கருவிகளில் முதலில் தொல்லை கொடுப்பது கணினி அல்ல, நாற்காலி. சக்கரம் வைத்த நாற்காலியில் ரடர் பெடலை (வால் சுக்கானைத் திருப்பும் கால்மிதி) மிதித்தால் ஆள் பின்னால் உருண்டு போவார். சக்கரமில்லாத நாற்காலியும் பெடலுக்கு அடியில் ரப்பர் விரிப்பும் கட்டாயம். யோக் என்ற கைப்பிடிச் சக்கரம் நடுவில் நிற்கும்போதே விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அளவுத்திருத்தம் கலைந்திருக்கிறது. வாரம் ஒருமுறை சரிசெய்யுங்கள். மென்பொருளுக்குப் பணம் இல்லாத பள்ளி இலவசமான ஃபிளைட்கியரில் இந்தப் பாடங்கள் எல்லாவற்றையும் நடத்தலாம்.

டிரோன் பாடம் பிள்ளைகளுக்குப் பிடித்தது, ஆனால் வழிகாண் பாட நேரத்தைத் தின்ன விடக்கூடாது. நான்கு விசிறிகளில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. மாற்றி மாட்டினால் கிளம்பும் கணமே கவிழும். மேசையில் மோட்டார் சோதிக்கும்போது விசிறிகளைக் கழற்றிவிட வேண்டும், இதில் விதிவிலக்கே வேண்டாம். லித்தியம் பாலிமர் மின்கலத்தில் உள்ள ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3.3-க்குக் கீழ் இறக்க வேண்டாம். விடுமுறைக்கு முன் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். முழுதாக ஏற்றி இரண்டு மாதம் அலமாரியில் வைத்த மின்கலங்கள் உப்பிப்போகும். உப்பியதைத் திரும்ப ஏற்றக்கூடாது.

பட்டறையில் அலுமினியத் தகடு இரண்டை 3.2 மி.மீ. பாப் ரிவெட்டால் (ஒரு பக்கமிருந்தே இழுத்து இறுக்கும் ஆணி) இணைப்பது நல்ல தொடக்கம். துளை 3.3 மி.மீ. விளிம்பிலிருந்து துளையின் மையம் ரிவெட் விட்டத்தைப்போல குறைந்தது இரண்டு மடங்கு, அதாவது 6.4 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். அதைவிட ஓரமாகப் போனால் இழுக்கும்போது தகடு கிழிந்து வரும். சென்டர் பஞ்சால் குறி போடாவிட்டால் துளைமுனை வழுக்கி ஓடும். துளைத்த பின் தகடுகளைப் பிரித்துப் பிசிறு நீக்காவிட்டால் இடையில் சீவல் நின்று இரண்டும் ஒட்டி உட்காராது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழல் வரைந்த பலகை இருக்கட்டும். மணி அடித்தாலும் பலகை நிரம்பாமல் வகுப்பு கலையக்கூடாது. விமானப் பராமரிப்பில் தொலைந்த ஒரு ஸ்பானர் என்றால் அந்த விமானம் வெளியே போகாது என்பதை இந்தப் பழக்கத்தின் வழியாகவே சொல்லிக் கொடுக்க முடியும்.

இப்படிப்பட்ட பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவரின் வழிகாண் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். கோணங்கள் வரையப்பட்டிருக்கின்றனவா, எண்களுக்குப் பக்கத்தில் அலகு இருக்கிறதா, தவறிய கணக்கு அழிக்கப்படாமல் கோடிட்டுத் திருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கணக்கு ஆசிரியரிடம், காற்று முக்கோணம் எந்த வாரம் நடக்கிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.