டிரைவிங் அயர்னா, ஹைபிரிட்டா? சென்னையில் ஆடுகிறவருக்கு எது தோது

கோல்ஃப் பையில் 14 கிளப்புக்கு (பந்தை அடிக்கும் மட்டை) மேல் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்காது. அதில் அதிக தூரம் அடிக்கும் டிரைவருக்கு ஒன்று, அடுத்த பெரிய தலை கிளப்பான 3 வுட்டுக்கு ஒன்று போனதும் நேராக மெல்லிய இரும்புத் தலை கொண்ட 5 அயர்னுக்கு வந்துவிடுகிறோம். நடுவில் 180 முதல் 210 யார்டு வரை ஆளில்லாத இடம். ஒரு காலத்தில் அங்கே 3 அயர்னும் 4 அயர்னும் இருந்தன. அவற்றை உருப்படியாக அடிக்கத் தெரிந்தவர்கள் அப்போதே குறைவு. இன்று அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள்: தூரம் அடிக்கவென்று செய்த அயர்னான டிரைவிங் அயர்ன், வுட்டையும் அயர்னையும் கலந்த ஹைபிரிட்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் சனி, ஞாயிறு ஆடுகிற பெரும்பாலோருக்கு ஹைபிரிட்தான். டிரைவிங் அயர்ன் பொருந்துகிற சிலரும் இருக்கிறார்கள், அவர்கள் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு 3 ஹைபிரிட்டின் லாஃப்ட் (முகத்தின் சாய்வு) 19 டிகிரி வாக்கில் இருக்கும், 3ஆம் நம்பர் டிரைவிங் அயர்னுக்கு 20. எண்ணைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும், ஆனால் பந்து போகிற விதம் வேறு. ஹைபிரிட்டின் தலை பின்பக்கமாகப் புடைத்திருக்கிறது. எடை அங்கே, தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதனால் அடிபடும் நேரத்தில் முகம் கொஞ்சம் மேல்நோக்கித் திரும்பி, பந்தைத் தூக்கிவிடுகிறது. ஷாஃப்டும் (கிளப்பின் தண்டு) ஏறக்குறைய ஒரு அங்குலம் நீளம் கூட. டிரைவிங் அயர்னும் பழைய இரும்புத் துண்டு அல்ல. உள்ளே வெற்றிடம், மெல்லிய முகம், அடியில் டங்ஸ்டன் எடை என்று நிறையவே மாறியிருக்கிறது. டெய்லர்மேட் நிறுவனத்தின் பி790 யூடிஐ என்ற டிரைவிங் அயர்னின் உள்ளே நுரையைக்கூட நிரப்பினார்கள். இத்தனை செய்தும் ஹைபிரிட் அளவுக்கு எடையைப் பின்னால் தள்ள அந்தத் தலையில் இடம் கிடையாது. பந்து தாழ்வாகக் கிளம்பும், தாழ்வாகவே இறங்கும், இறங்கியதும் ஓடும்.

ஓடுவது நல்லதா கெட்டதா? டீயிலிருந்து, அதாவது ஹோலின் தொடக்கத்தில் சிறு குச்சி மேல் பந்தை வைத்து அடித்தால் நல்லது. 190 யார்டிலிருந்து, குழி இருக்கிற கிரீனைக் குறிவைத்தால் கெட்டது. 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பை நினைத்துப் பாருங்கள். ஹேசல்டைனில் கடைசி ஹோல், தென் கொரியாவின் ஒய். இ. யாங் டைகர் உட்ஸை விட ஒரே ஒரு ஸ்ட்ரோக் (அடி) முன்னிலை. கிரீனுக்கு 200 யார்டுக்கு மேல் இருக்கும்போது யாங் கையில் எடுத்தது 3 ஹைபிரிட். பந்து உயரப் போய், கொடிக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. ஆசியாவில் பிறந்த ஆண் ஒருவர் மேஜர் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) பட்டம் வென்றது அதுதான் முதல் முறை. டிரைவிங் அயர்னில் அந்த ஷாட்டை அடிக்கவே முடியாதா என்றால் முடியும். ஆனால் அதற்கு அந்த அளவு ஸ்விங் வேகம் வேண்டும். என் கணக்குப்படி, டிரைவரில் காற்றிலேயே 230 யார்டு தாண்டாதவர் தரையில் கிடக்கும் பந்துக்கு டிரைவிங் அயர்னை எடுப்பது வீண் வேலை. பந்து எழும்பாது. எழும்பாத பந்து 5 அயர்ன் போகிற தூரத்துக்கு மேல் போகாது.

அடுத்தது காற்று. டிரைவிங் அயர்ன் விற்கிறவர்கள் முதலில் இழுப்பது இந்தப் பேச்சைத்தான். சென்னை கடலோர ஊர், கடல் காற்று வீசும், தாழ்வாக அடித்தால்தான் பிழைக்கலாம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடையில் கடல் காற்று ஊருக்குள் வருவது நண்பகலை ஒட்டித்தான், சில நாள் அதற்கும் பிந்தி. நம் ஆட்கள் காலை ஆறு மணிக்கு டீ ஆஃப் செய்து, வெயில் ஏறுவதற்குள் பதினெட்டு ஹோலையும் முடித்துவிட்டு இட்லி வடையில் இறங்கிவிடுகிறார்கள். அடிக்காத காற்றுக்கு எதற்கு ஒரு கிளப்? மூன்று மணிக்கு மேல் ஆடுகிறவர்கள் விஷயம் வேறு. நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் மைதானத்தில் மாலை ரவுண்டு போகிறவரிடம் பையைத் தூக்கி வரும் கேடியே சொல்லிவிடுவார்: “சார், காத்து மூஞ்சில அடிக்குது, கீழயே வைங்க.” அந்த நேரத்தில் டிரைவிங் அயர்ன் கையில் இருந்தால் சுகம்தான். ஆனால் ஹைபிரிட்டிலும் கீழே வைக்கலாம். பிடியை இரண்டு அங்குலம் இறக்கி, பந்தை ஒரு பந்து அகலம் பின்னால் தள்ளி, முக்கால் ஸ்விங் போட்டால் போதும். உயரப் போகிற கிளப்பைத் தாழ்வாக அடிக்கப் பழகிக்கொள்ளலாம். தாழ்வாகப் போகிற கிளப்பை உயர அடிக்க வைப்பதுதான் கஷ்டம்.

காற்றை விட வலுவான வாதம் காய்ந்த தரை. 2006இல் ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் புல்லெல்லாம் வெயிலில் பழுப்பேறிக் கிடந்தது. டைகர் உட்ஸ் நான்கு நாளும் சேர்த்து டிரைவரை ஒரே ஒரு முறைதான் எடுத்தார். டீயில் பெரும்பாலும் அயர்ன்தான். பந்து இறங்கி ஓடிக்கொண்டே இருந்தது, மணல் குழிக்கு (பங்கர்) முன்னால் நின்றது, கோப்பையும் அவருக்கே. நம் ஊர் மே மாத ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் வெட்டிய புல்வெளி), தண்ணீர் சரியாகப் பாயாத பக்கமெல்லாம், கிட்டத்தட்ட அப்படித்தான் இறுகிக் கிடக்கும். தட்டையான மைதானம், இரண்டு பக்கமும் மரம், நீளம் அதிகமில்லாத பார் 4 (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்). டிரைவர் எடுத்தால் ஸ்லைஸ் ஆகி (வலப்பக்கம் வளைந்து) மரத்துக்குள் போகும் என்று பயப்படுகிற, நல்ல வேகத்தோடு அடிக்கிற ஆள் அங்கே டிரைவிங் அயர்ன் எடுப்பதில் முழு நியாயம் இருக்கிறது. டீயில் பந்தைப் புல் நுனிக்குச் சற்று மேலே வைத்து அடித்தால் போதும்.

மழைக்காலம் வந்தால் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு பந்து விழுந்த இடத்திலேயே புதைகிறது, ஓட்டமே கிடையாது. ஃபேர்வேயின் ஓரத்து நீளப் புல்லான ரஃபில் பெர்முடா புல் ஈரத்தோடு அடர்ந்து நிற்கும். அதற்குள் டிரைவிங் அயர்னை இறக்கினால் புல் ஷாஃப்டின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முகத்தை மூடிவிடும். பந்து இடது பக்கம் நாற்பது யார்டு உருளும், முழங்கை வரைக்கும் சுரீர் என்று ஏறும். ஹைபிரிட்டின் உருண்டையான அடிப்பாகம் புல்லை விலக்கிக்கொண்டு வழுக்கி வெளியே வருகிறது. கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ கிளப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே சரிவில் நின்றுகொண்டு அடிக்கும்போது தப்பைப் பொறுத்துக்கொள்கிற கிளப்தான் வேண்டும்.

ஹைபிரிட்டின் மேல் ஒரு குற்றச்சாட்டு நிஜம். வேகமாக அடிக்கிறவர் கையில் அது இடது பக்கம் வளைந்து ஓடுகிறது. எடை குதிகால் பக்கம் இருப்பது ஒரு காரணம், கடையில் அதோடு வருகிற லேசான கிராஃபைட் ஷாஃப்ட் இன்னொரு காரணம். நன்றாக ஆடுகிறவர்களில் சிலர் ஹைபிரிட்டை வெறுத்து டிரைவிங் அயர்னுக்குப் போனது தூரத்துக்காக அல்ல, இந்த இடப்பக்க வளைவான ஹூக்குக்குப் பயந்துதான். கனமான ஷாஃப்ட் மாட்டினால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். அதற்கும் கேட்கவில்லை என்றால் டிரைவிங் அயர்ன் பக்கம் போங்கள், தப்பில்லை.

கிரீன் ஓரத்தில் போட்டியே கிடையாது. 2004 பிரிட்டிஷ் ஓப்பன் நடந்த ராயல் ட்ரூன், காற்றும் காய்ந்த தரையுமாக டிரைவிங் அயர்னுக்கென்றே செய்த மாதிரியான கடலோர மைதானம். அங்கே டாட் ஹாமில்டனுக்கு எர்னி எல்ஸோடு பிளே ஆஃப் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்). கடைசி ஹோலில் கிரீனுக்கு வெளியிலிருந்து ஹாமில்டன் ஹைபிரிட்டால் பந்தைத் தள்ளி உருட்டி, குழிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஜெயித்தார். புல் சரியில்லாத நம் கிரீன் ஓரங்களில் குறுந்தூர கிளப்பான வெட்ஜால் சுரண்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் இதைப் பழகலாம்.

வாங்கும் முன் ஒரு விஷயம். டிரைவிங் ரேஞ்சில் மேட் மேல் வைத்து அடித்துவிட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். பந்தைத் தொடுவதற்கு ஒரு அங்குலம் முன்பே தரையைத் தொட்டாலும் மேட்டில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். அங்கே எல்லா டிரைவிங் அயர்னும் அருமையாகத்தான் இருக்கும். நண்பரிடம் கடன் வாங்கி, புல்லில், டீ இல்லாமல் அடித்துப் பாருங்கள். ஹைபிரிட் என்று முடிவானால் 3ஐ விட்டுவிட்டு 22 டிகிரி வாக்கில் உள்ள 4இல் தொடங்குங்கள். பையில் ஏற்கெனவே 5 வுட் இருந்தால் 3 ஹைபிரிட்டுக்கு அங்கே வேலையே இருக்காது.