வேடந்தாங்கலா, வேப்பமரமா?

பேரப் பிள்ளைகளுக்குப் பறவை காட்டலாம் என்று ஆசை வந்தவுடன் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: டிசம்பர் கடைசியில் வண்டி பிடித்து வேடந்தாங்கல். பேரனுக்குப் பத்து வயது, பேத்திக்கு ஆறு. பொங்கலுக்கு அப்புறம் சென்னைக்குள்ளேயே இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். வெயில் ஏறியதும் எங்கும் போக முடியாமல் எங்கள் வீட்டு மொட்டைமாடி. மாடியை ஒட்டி ஒரு வேப்பமரம் நிற்கிறது. போட்டியில் அது ஜெயிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் வேடந்தாங்கலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கரையில் நின்றால், இரை தேடப் போன கூட்டமெல்லாம் திரும்பி வருகிற காட்சிக்கு ஈடே கிடையாது. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் இலை தெரியாத அளவுக்கு நாரையும் கொக்கும் நீர்க்காகமும். வழியில் கதை சொல்லவும் விஷயம் இருக்கிறது. இந்தப் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் போராடி, 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கியவர்கள். காரணம் வெறும் பாசம் மட்டுமல்ல. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். இதைச் சொன்னதும் பேரன், “அப்போ பறவைங்க வாடகை கொடுக்குதா தாத்தா?” என்றான். எனக்கு அந்தப் பயணத்தின் செலவுக்கு அங்கேயே பலன் கிடைத்துவிட்டது.

பேத்தி கதை வேறு. பறவைகள் ஏரியின் நடுவில், நாம் கரையில். பைனாகுலர் இல்லாமல் அவளுக்கு எல்லாமே வெள்ளைப் புள்ளிகள். என்னிடம் இருந்ததோ 10x50, அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர் அகலம். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. தூக்கிப் பிடித்தால் கை நடுங்குகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும்போது நடுக்கமும் பத்து மடங்கு. இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. பெரியவர்களுக்கான பைனாகுலரை எவ்வளவு மடக்கினாலும் சின்னக் குழந்தையின் இரண்டு கண்ணுக்கும் சேராது. “ரெண்டு வட்டமா தெரியுது” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்து அதட்டினேன். தப்பு என்னுடையது. அரை மணி நேரத்தில் அவள் கவனம் வேர்க்கடலைப் பொட்டலத்துக்குப் போய்விட்டது.

பேரன் மட்டும் நத்தை குத்தி நாரையைக் கண்ணால் பிடித்துக்கொண்டான். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்குமே, அது. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும் என்றேன். பத்து வயதுக்கு அது போதும்.

பள்ளிக்கரணையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கிட்டத்தில் இருக்கிறது, பூநாரை வந்தால் கண்கொள்ளாக் காட்சி. நீலத் தாழைக்கோழி நீளக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பதைக் கரையோரத்திலேயே பார்க்கலாம். 2022-ல் வேடந்தாங்கலைப் போலவே இதுவும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் நாங்கள் நின்றது ரேடியல் ரோட்டு ஓரம். ஒரு கையில் பேத்தி, இன்னொரு கையில் பேரன், காதில் லாரிச் சத்தம். பறவை பார்க்க மூன்றாவது கை வேண்டும்.

சரி, வேப்பமரம். இங்கே கூட்டமும் இல்லை, அரிய பறவையும் இல்லை. காக்கை, மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி, எப்போதாவது செண்பகம். ஆனால் எட்டடி தூரம், கண்ணே போதும். அதைவிடப் பெரிய விஷயம், நேற்றுப் பார்த்த அதே பறவையை இன்றும் பார்க்கலாம். சரணாலயத்தில் பார்ப்பது படம் மாதிரி, ஒரு காட்சியோடு முடிந்தது. மாடியில் நடப்பது சீரியல்.

பங்குனியில் குயில் கூவ ஆரம்பித்தது. கறுப்பாக, சிவப்புக் கண்ணோடு ஒன்று; உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு பழுப்பாக இன்னொன்று. இரண்டும் வேறு வேறு பறவை என்று பேத்தி அடித்துச் சொன்னாள். ஆணும் பெண்ணும் என்று நான் உடனே சொல்லவில்லை. இரண்டும் ஒரே கிளைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். நாலாம் நாள் அவளே கண்டுபிடித்தாள். அப்புறம் காக்கை கம்பித் துண்டுகளைச் சேர்த்துக் கூடு கட்டியது. ஆனி மாதம் ஒரு காலையில், “தாத்தா, காக்கா யாருக்கோ ஊட்டுது, அது காக்கா இல்ல” என்று கத்திக்கொண்டு இறங்கி வந்தாள். குயில் குஞ்சு. இறக்கையைப் படபடவென்று உதறி, வாயைப் பிளந்து, உள்ளே செக்கச்செவேல் என்று. காக்கை அலைந்து அலைந்து திணித்துக்கொண்டிருந்தது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த விஷயத்தை எனக்கும் அறுபத்தேழு வயதில்தான் நேரில் பார்க்கக் கிடைத்தது.

கருவிகளில் சின்னவளுக்கு எதுவும் வேண்டாம். பேரனுக்கு 8x25 மாதிரி எடை குறைந்த ஒன்று போதும். மெர்லின் செயலி இலவசம், குரலைக் கேட்டே பெயர் சொல்கிறது. முதலிலேயே கையில் கொடுத்தால் பிள்ளைகள் மரத்தைப் பார்க்காமல் திரையைப் பார்க்கிறார்கள். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: முதலில் ஆளுக்கொரு யூகம், பிறகு போன். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வந்தால் போனுக்கு உண்மையான வேலை உண்டு. பதினைந்து நிமிடம் மாடியில் நின்று எண்ணி, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ‘இபேர்ட்’ இணையதளத்தில் ஏற்றினால் போதும், வேப்பமரமும் கணக்கில் சேரும்.

எட்டு வயதுக்குக் கீழே என்றால் கண்ணை மூடிக்கொண்டு மரத்துக்கே ஓட்டு. அதற்கு மேல் வேடந்தாங்கல், ஆனால் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடமாகப் பார்த்து. ஏரி நிறையாவிட்டால் கூட்டமும் குறைவு. மாடி இல்லாத அடுக்ககத்தில் இருப்பவர்களுக்குப் பால்கனியோ பக்கத்துப் பூங்காவோ போதும், தினமும் ஒரே இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரும் மார்கழியில் மறுபடி வேடந்தாங்கல் போகலாமா என்று கேட்டேன். பேரன் உடனே சரி என்றான். பேத்தி யோசித்துவிட்டு, “அங்க காக்கா இருக்குமா?” என்றாள்.