அம்மாச்சி ஆன வாரத்தில் போன நாட்டு மருந்துக் கடை

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த ஐந்தாம் நாள், பிரசவ லேகியத்துக்குச் சரக்கு வாங்க மதுரை கீழமாசி வீதிப் பக்கம் இருக்கும் ஒரு பழைய நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பலகையில் எழுத்தே மங்கிவிட்டது, வாசலில் வசம்பு வளையல் சரம் தொங்கும், அதுதான் அடையாளம்.

1995-ல் என் பிரசவத்துக்கு எங்கம்மாதான் இதையெல்லாம் வாங்கி வந்து கிண்டிக் கொடுத்தார். என்னென்ன சரக்கு, எது எவ்வளவு, ஒன்றும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அம்மா போய் நாலு வருஷமாகிறது. கடை வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது, இனி கேட்க எனக்கு மேலே ஆள் கிடையாது, என் மகள் கேட்கிற ஆளே நான்தான். பேத்தியை முதலில் கையில் வாங்கியபோதுகூட நான் அழவில்லை, தையல் வலி, மாத்திரை, வெந்நீர் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். கடைப் பெரியவர் "தலைப்பிரசவமா தாயி, என்ன பிள்ளை?" என்று கேட்டார், சொன்னேன், "அப்ப நீ அம்மாச்சி ஆயிட்ட" என்றார், அங்கேயே உடைந்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டு, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அந்தப் பக்குவத்துக்காகவே இந்தக் கடையைச் சொல்வேன்.

சரக்கு அருமை. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை எல்லாவற்றையும் எடுத்து முகரக் கொடுத்த பிறகுதான் தராசில் போட்டார். சுக்கை ஒடித்தே காட்டினார், பூச்சி அரித்த துளை ஒன்றுகூட இல்லை. இடித்துத் துணியில் சலிப்பது, கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டுவது, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கையில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை கிண்டுவது, எல்லாம் நிதானமாகச் சொன்னார். அளவுகளைத் துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தார், அந்தத் தாளை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம் கல்லில் உரைத்துப் பிள்ளைக்குப் புகட்டும் உரை மருந்து கேட்டேன். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், மகளும் அதையேதான் சொன்னாள். உன்னை இதைக் கொடுத்துத்தானே வளர்த்தேன் என்று எனக்கு மனசு தாங்கவில்லை, சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் கேட்டேன். "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றார் பெரியவர். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். எடுத்து வைத்த வசம்பைத் திரும்ப டப்பாவில் போட்டார். "உன் பிள்ளைக்கு நீ கொடுத்த. இது அவ பிள்ளை தாயி."

இப்போது மூன்று வாரமாகிறது. ராத்திரி பேத்தி அழுதால் என் கை தானாகத் தொட்டிலுக்குப் போகிறது, மகள் எழுந்து தூக்கும்வரை நிற்கிறேன், அந்த அரை நிமிஷம் நிற்பதுதான் எனக்குப் பிள்ளை பெற்றதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. சில ராத்திரி அவளே "நீ தூக்கும்மா" என்று கொடுக்கிறாள்.

குறையும் உண்டு. ரெடிமேட் லேகிய பாட்டிலில் செய்த தேதியும் இல்லை, என்ன சேர்த்தார்கள் என்றும் இல்லை. பச்சை உடம்புக்காரிக்குக் கொடுப்பதில் இப்படி விடக் கூடாது, அவரிடமே சொன்னேன், தலையாட்டினார், அவ்வளவுதான். அதனால் சரக்காக வாங்கி வீட்டிலேயே கிண்டினேன். கிண்டும் முன் துண்டுத்தாளை மகளின் டாக்டரிடம் காட்டிக் கேட்டேன், சுகப்பிரசவம், சர்க்கரை இல்லை, கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்றார். காலையில் சின்ன நெல்லிக்காய் அளவு கொடுக்கிறேன். காரம் தூக்கல்தான், ஆனால் முதல் வாய் வைத்ததும் மகள் "அம்மாச்சி வீட்டு வாசனைம்மா" என்றாள், அவள் சொன்னது எங்கம்மா வீட்டை.

வண்டி நிறுத்த இடமே இல்லை, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள். பதினோரு மணிக்குள் போனால் பெரியவர் இருப்பார். பிறகு உட்காரும் பையனுக்குச் சரக்கு தெரியும், ஆனால் நின்று சொல்ல நேரமில்லை. மூன்றாம் மாதம் மகளை அவள் வீட்டில் கொண்டுபோய் விடும் முன் இன்னொரு தரம் கிண்டிக் கொடுக்க வேண்டும், அப்போது துண்டுத்தாளையும் அவளுக்கு ஒரு நகல் எடுத்து வைக்கப்போகிறேன்.