கடவுச்சொல்லை அவரவரே மாற்றட்டும்: ரவுண்ட்கியூபின் பாஸ்வேர்டு செருகுநிரல்

சுமார் 300 அஞ்சல் கணக்குகள் உள்ள ஓர் அலுவலகத்தின் சர்வர்களை நான் கவனித்து வருகிறேன். கடவுச்சொல்லை மாற்ற நினைப்பவர், புதிய சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போவதும், நான் அதை, எல்டாப் நெறிமுறையில் இயங்கும் பயனர் கணக்குப் பதிவேடான ஓப்பன்எல்டாப் டைரக்டரியில் ஏற்றியபின் சீட்டைக் கிழித்துப் போடுவதுமே நெடுநாள் வழக்கமாக இருந்தது. அடுத்தவரின் கடவுச்சொல் எனக்குத் தெரிவதே தவறு என்று உறுத்தியதால்தான், உலாவியிலேயே அஞ்சல் பார்க்க உதவும் ரவுண்ட்கியூப் வெப்மெயிலுடனேயே வரும் பாஸ்வேர்டு செருகுநிரலை (பிளகின்) இயக்கிப் பார்த்தேன்.

நிறுவுவதற்கு அதிக வேலையில்லை. செருகுநிரல்களின் பட்டியலில் பெயரைச் சேர்த்து, மாதிரி அமைப்புக் கோப்பை நகலெடுத்துத் திருத்தினால், பயனரின் அமைப்புகள் பக்கத்தில் கடவுச்சொல்லுக்கென ஒரு பிரிவு வந்துவிடுகிறது. பழைய சொல்லைக் கேட்ட பிறகே புதியதை ஏற்பது நல்ல ஏற்பாடு. மாற்றியவர் வெளியேறி மீண்டும் நுழைய வேண்டிய தொல்லையும் இல்லை.

உண்மையான வேலை, கடவுச்சொல் சேமிக்கப்படும் இடத்தோடு செருகுநிரலை இணைக்கும் டிரைவரைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. டைரக்டரிக்கென உள்ள டிரைவர்களில் மூன்றைப் பார்த்தேன். 'எல்டாப்' என்பதற்கு, பிஎச்பி நிரல்மொழிக்கான பியர் தொகுப்பின் நூலகம் ஒன்று தனியாகத் தேவைப்படும். 'எல்டாப் சிம்பிள்' என்பதற்கு பிஎச்பியின் எல்டாப் நீட்சியே போதும் என்பதால் நானும் முதலில் அதையே எடுத்தேன். இதில் ஹாஷ் செய்யும், அதாவது சொல்லைத் திரும்பப் பெற முடியாத வடிவுக்கு மாற்றும் பொறுப்பு செருகுநிரலைச் சேர்ந்தது. ஹாஷ் முறையை 'கிளியர்' (மாற்றாமல் அப்படியே) என விட்டிருந்தது என் கவனக்குறைவு. சில நாள் கழித்து டைரக்டரியில் தேடும் எல்டாப்சர்ச் கட்டளையில் ஒரு கணக்கைப் பார்த்தபோது, கடவுச்சொல்லுக்கான யூசர்பாஸ்வேர்டு புலத்துக்கு எதிரே இருந்த புரியாத எழுத்துகளை ஹாஷ் என்றே முதலில் நம்பினேன். அது வெறும் பேஸ்64, யாரும் பிரிக்கக்கூடிய எழுத்து மாற்றுமுறை; பிரித்தால் கடவுச்சொல் அப்படியே வெளியே வந்தது. சீட்டைக் கிழித்த கை டைரக்டரியில் எழுதி வைத்திருந்தது!

செருகுநிரலிலேயே ஹாஷ் செய்து அனுப்பலாமே என்றால், அங்கு வேறொரு சிக்கல் எழுகிறது. ஓப்பன்எல்டாப்பில் கடவுச்சொல் விதிகளைச் சரிபார்க்கும் கொள்கை அடுக்கால், ஏற்கெனவே ஹாஷ் ஆகிவிட்ட சொல்லின் நீளத்தையோ தரத்தையோ சோதிக்க முடியாது. அந்த அடுக்கின் தரச் சோதனை அமைப்பின் மதிப்பு 1 என்றால் சோதிக்காமலே ஏற்கும், 2 என்றால் மறுத்துவிடும். ஆகவே என் பரிந்துரை மூன்றாவதான 'எல்டாப் எக்ஸாப்' டிரைவருக்குத்தான். 2001இல் வெளியான இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 3062 வகுத்த கடவுச்சொல் மாற்றும் செயல்பாட்டைப் பயன்படுத்தும் இது, புதிய சொல்லை டைரக்டரியிடம் ஒப்படைத்துவிட, தரம் பார்ப்பதும் ஹாஷ் செய்வதும் அங்கேயே நடக்கின்றன. பிஎச்பி 7.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். சொல் வெளிப்படையாகவே பயணிப்பதால், டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாத இணைப்பில் இதை இயக்கவே கூடாது.

நிர்வாகி கணக்கின் வழியே மாற்றும் முறையும் இருக்கிறது. ஆனால் அதற்கு நிர்வாகியின் கடவுச்சொல்லை வெப்மெயில் சர்வரின் கோப்பில் எழுதி வைக்க வேண்டும் என்பதால் நான் தொடவில்லை. பயனரின் அடையாளத்திலேயே மாற்றும் முறைக்கு, தம் கடவுச்சொல்லைத் தாமே எழுதும் உரிமையை டைரக்டரியின் அணுகல் விதியில் கொடுத்தால் போதும்.

குறை என்று சொல்வதானால், செருகுநிரலின் கைக்கு எட்டாத இடத்தில் ஒன்று உண்டு. வெப்மெயிலில் மாற்றியவரின் கைப்பேசி பழைய சொல்லையே திரும்பத் திரும்ப அனுப்ப, தவறான சொல் பலமுறை வந்தால் பூட்டும் டைரக்டரியின் விதி அவருடைய கணக்கை முடக்கிவிடுகிறது. "இப்போதுதானே மாற்றினேன், அதற்குள் பூட்டிக்கொண்டதா?" என்ற தொலைபேசி அழைப்புகள் முதல் வாரம் முழுக்க வந்தன. கைப்பேசியிலும் உடனே மாற்றுமாறு முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும்.

கடவுச்சொல்லை மறந்தவருக்கு இது உதவாது. உள்ளே நுழைந்தால்தானே மாற்ற முடியும்? எல்டிபி (எல்டாப் டூல் பாக்ஸ்) திட்டத்தின் செல்ஃப் சர்வீஸ் பாஸ்வேர்டு போன்ற தனிச் செயலி அதற்கு வேண்டும், அதிலும் மீட்பு இணைப்பைப் பூட்டிக்கிடக்கும் அதே அஞ்சல்பெட்டிக்கு அனுப்பாமல் வேறு முகவரிக்கோ குறுஞ்செய்திக்கோ அமைக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது இன்னும் வரவில்லை. மறந்தவர்கள் மட்டும் இப்போதும் என் மேசைக்கு வருகிறார்கள்.