ஜெர்மன் பேசப் பழக எது நல்லது: வகுப்பா, கட்டண ஆசிரியரா, பேச்சுப் பரிமாற்றமா?

கோவை, திருப்பூர் பக்கம் மேற்படிப்புக்கும் நர்ஸ் வேலைக்கும் ஜெர்மன் படிக்கிறவர்களுக்கு மூன்று வழி உண்டு: வகுப்பு, ஆன்லைனில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் ஆசிரியர், காசில்லாத பேச்சுப் பரிமாற்றம். டாண்டம், ஹலோடாக் மாதிரி ஆப்களில் ஒரு ஜெர்மன்காரரைப் பிடித்து, அவர் மொழியை நாமும் நம்மிடம் உள்ள மொழியை அவரும் பேசிப் பழகுவதுதான் மூன்றாவது.

ஏ1, ஏ2 என்னும் தொடக்க நிலைகள் வரை வகுப்புதான், சந்தேகமே வேண்டாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டேர், டீ, டாஸ் ஏன் இப்படி மாறுகின்றன என்று ஜெர்மன்காரரைக் கேட்டால், 'அப்படித்தான் சொல்லுவோம்' என்பார். தமிழில் எங்கே ஒற்று மிகும் என்று கேட்டால் நம்மில் பலருக்கும் அதே கதிதான்.

அடுத்த நிலையான பி1 வந்ததும் பரிமாற்றம் முந்திவிடுகிறது. கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். பேசுதலில் இன்னொருவருடன் சேர்ந்து ஏதாவது ஒன்றைத் திட்டமிட வேண்டும், ஒரு தலைப்பில் பேச வேண்டும், கேள்வி பதிலும் உண்டு. கூட்டமான வகுப்பில் வாய் திறக்கவே முறை வராது. பரிமாற்றத்தில் பாதி நேரம் நமக்கே.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலோர் பதிலுக்குக் கேட்பது ஆங்கிலம். அதை ஏற்கெனவே நன்றாகப் பேசுகிறவர் என்றால், நாம் கொஞ்சம் திணறியதும் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். அரை மணி ஜெர்மன், அரை மணி ஆங்கிலம் என்று கடிகாரம் பார்த்துப் பிரித்தே ஆக வேண்டும். தமிழ் கேட்கிறவர் அமைந்தால் விடவே விடாதீர்கள். தமிழ்க் குடும்பத்தில் பெண் எடுத்தவர், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பவர் என்று அப்படியும் சிலர் உண்டு. 'ஏனுங்க, சாப்டீங்களா' என்று பேசும் தமிழ் அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காது. அங்கே நாமும் சமமாக ஒன்றைத் தருகிறோம். அந்த நட்பு நிலைக்கும்.

நேரமும் ஒத்துவரும். நமக்கு இரவு 9 மணி என்றால் அங்கே கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 4.30. 4.30 அவர்களுக்கு வேலை நேரமாக இருக்கலாம் என்பதால், குளிர்காலத்தில் சனி, ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.

கட்டண ஆசிரியர் தேர்வுக்கு முந்தைய சில வாரங்களுக்குப் போதும். நண்பர் சங்கடப்பட்டு விட்டுவிடும் பிழையையும் அவர் பிடித்துத் திருத்துவார்.

ஜப்பானிய மொழி படிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. சான்றிதழ் மட்டும் போதுமென்றால் வகுப்பே போதும். வேலைக்கான நேர்காணலும் இருக்கிறதென்றால் இப்போதே ஒரு ஜப்பானியரைத் தேடத் தொடங்குங்கள்.